பிளேட்டும் காதும்

சங்கீதம் கேட்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு பாட்டைக் கேட்டு முடித்ததும் அடுத்த பாட்டுக்குப் போகிறவர்கள் முதல் ரகம். அதே பாட்டை வேறு யார், எப்போது, எப்படிப் பாடியிருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இரண்டாவது ரகம். முதல் ரகத்தால் ஒருவருக்கும் உபத்திரவம் இல்லை. இரண்டாவது ரகத்தோடு குடித்தனம் நடத்துவதுதான் கஷ்டம். என் அத்தை அப்படி ஐம்பத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தினாள்.

நம் பக்கத்தில் இந்த இரண்டாவது ரகத்துக்குப் பஞ்சமே இல்லை. சிதம்பரம் கீழவீதியில் தேரடி அருகே நின்றுகொண்டு 'தோடி' என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையில் ஆரம்பித்துப் பொழுது சாயும் வரை வழக்காட ஆள் கிடைக்கும். என் மாமாவும் வழக்காடுகிறவர்தான். ஆனால் அவருடைய வழக்கு தோடியைப் பற்றியது அல்ல. கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஓட்டு வீட்டுத் திண்ணையில் சாய்வு நாற்காலி போட்டுக்கொண்டு, ஷூபர்ட் என்ற வியன்னாக்காரனின் ஒரே ஒரு சிம்பனியை அவர் அறுபது வருஷம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அது அவரிடம் வந்த கதை சின்னதுதான். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் அவர் டைப்பிஸ்ட். 1952இல் அங்கிருந்த வெள்ளைக்கார எஞ்சினீயர் ஒருவர் ஊருக்குக் கப்பல் ஏறும்போது, சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன் ஒன்றையும், ஒரு மரப்பெட்டி நிறையப் பிளேட்டுகளையும் விட்டுப் போனார். நடனத்துக்கு ஏற்ற பிளேட்டுகளை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். ஒருவரும் தொடாமல் மிஞ்சியவை மூன்று பெரிய பிளேட்டுகள். இருபத்திரண்டு வயது மாமா அவற்றைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு, பள்ளம் வந்த இடத்திலெல்லாம் இறங்கித் தள்ளிக்கொண்டு, வீடு வந்து சேர்ந்தார். புரூனோ வால்டர் என்பவர் 1936இல் வியன்னா பில்ஹார்மோனிக் கோஷ்டியைக் கொண்டு பதிவு செய்த ஷூபர்ட்டின் 'முடிவுறாத சிம்பனி' அது.

இந்த சிம்பனிக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஷூபர்ட் இதை 1822இல் எழுதத் தொடங்கினான். சிம்பனி என்றால் அந்தக் காலத்தில் நாலு பகுதி இருக்க வேண்டும். இவன் இரண்டை முடித்து, மூன்றாவதைத் தொட்டு, அப்படியே விட்டுவிட்டான். ஏன் விட்டான் என்பது ஒருவருக்கும் தெரியாது. கையெழுத்துப் பிரதி ஒரு நண்பரிடம் போய்ச் சேர்ந்து நாற்பது வருஷத்துக்கு மேல் அவரிடமே கிடந்தது. 1828இல் ஷூபர்ட் முப்பத்தோரு வயதில் இறந்துபோனான். 1865 டிசம்பரில்தான் வியன்னாவில் முதல்முறையாக அதை வாசித்தார்கள். ஆக, எழுதியவன் காதில் அது ஒரு தரம்கூட விழவில்லை. மாமா இதைச் சொல்லும்போதெல்லாம் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்.

ஷூபர்ட் இறந்த நூறாவது வருஷமான 1928இல் கொலம்பியா கிராமபோன் கம்பெனியார் ஒரு போட்டி வைத்தார்கள். இந்த சிம்பனியை முடித்துத் தருகிறவருக்குப் பரிசு என்றார்கள். பலர் கோபித்துக்கொள்ளவே, ஷூபர்ட்டின் நினைவாகப் புது சிம்பனி எழுதினால் போதும் என்று மாற்றிக்கொண்டார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த அட்டர்பெர்க் என்பவர் பத்தாயிரம் டாலரைத் தட்டிக்கொண்டு போனார். "சிதம்பரத்திலே திரையை விலக்கிக் காட்டறாங்களே, அங்கே என்ன இருக்கு? வெறும் வெளி. அங்கே ஒரு விக்கிரகம் செஞ்சு வைக்கிறவனுக்குப் பத்தாயிரம்னு சொன்னா எப்படி இருக்கும், மாப்பிளே?" என்பார் மாமா.

அந்த மூன்று பிளேட்டுக்கு ஆறு பக்கம். ஒரு பக்கம் நாலு நாலரை நிமிஷம் ஓடும். பிறகு எழுந்து, பிளேட்டைத் திருப்பி, முள்ளை மாற்றி, சாவி கொடுத்து, மறுபடி வைக்க வேண்டும். ஷூபர்ட் எழுதாத இந்த இடைவெளிகள் மாமாவுக்கு சிம்பனியின் அங்கமாகவே ஆகிவிட்டன. பின்னாளில் இடைவெளி இல்லாத லாங் பிளே தட்டை அவருக்குப் போட்டுக் காட்டியபோது, பழைய பக்கம் முடியும் இடம் வந்ததும் அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தே விட்டார்.

பிளேட் அரக்கில் செய்தது. உலகத்துப் பிளேட்டுகளுக்கான அரக்கில் பெரும்பங்கு நம் நாட்டிலிருந்துதான் கப்பலேறிப் போயிற்று. "நம்ம காட்டுப் பூச்சி கக்கின அரக்கு வியன்னாவுக்குப் போய் சங்கீதம் கத்துக்கிட்டுத் திரும்பி வந்திருக்கு" என்று மாமா சொல்வதுண்டு.

தெற்கத்தி ஆசாமிக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு மாமா மைசூர் மகாராஜாவைச் சாட்சிக்கு அழைப்பார். ஜயசாமராஜ உடையார் தொண்ணூறுக்கு மேல் கர்நாடக கீர்த்தனைகள் இயற்றியவர். அவரே மேல்நாட்டு இசைத்தட்டுகளைக் குவித்து வைத்துக் கேட்டவரும்கூட. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் லண்டனில் பில்ஹார்மோனியா என்ற கோஷ்டி தடுமாறி நின்றபோது அதைத் தாங்கியதில் மைசூர்ப் பணத்துக்குப் பங்கு உண்டு. ருஷ்யரான பாலகிரெவின் முதல் சிம்பனியை 1949இல் கராயன் அந்தக் கோஷ்டியைக் கொண்டு பதிவு செய்ததே மகாராஜாவின் உதவியால்தான். அதே மகாராஜா 1964 முதல் 1966 வரை சென்னை ராஜ்யத்துக்குக் கவர்னராகவும் இருந்தார். "கவர்னரே கேக்கறார். ரிட்டயர் ஆகப்போற டைப்பிஸ்ட் கேக்கக் கூடாதா?" என்பது மாமாவின் வாதம். அப்போது அவருக்கு ரிட்டயர் ஆக இருபது வருஷம் பாக்கி இருந்தது.

எனக்கு ஆரம்பத்தில் ஒரு சந்தேகம் இருந்தது. நம் சங்கீதத்தில் ஒப்பிடுவதற்கு இடம் இருக்கிறது. ஒரே கீர்த்தனைக்கு ஆளுக்கொரு பாடாந்தரம். ராகம், நிரவல், ஸ்வரம் எல்லாம் அவரவர் கற்பனை. மேல்நாட்டாரோ ஒவ்வொரு ஸ்வரத்தையும் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டார்கள். எழுதியதை வாசிக்கப் போகிறார்கள். இதில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் என்ன வித்தியாசம்? அதிலும் கண்டக்டர் என்பவர் வாத்தியம் எதையும் தொடுவதே இல்லை. நம் ஊர்க் கண்டக்டராவது டிக்கெட் கொடுக்கிறார்.

அண்ணாமலை நகரில் 1929 முதல் நடந்துவரும் இசைக் கல்லூரியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்த நண்பர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் என்னைக் கீழவீதிக்கு அழைத்துக்கொண்டு போனார். மார்கழித் திருவிழாச் சமயம். சுவாமி புறப்பாட்டுக்கு நாகஸ்வரத்தில் மல்லாரி வாசித்துக்கொண்டிருந்தார்கள். மல்லாரிக்கு வார்த்தை கிடையாது. கம்பீரநாட்டையில் ஒரு சின்ன அமைப்பு. அதையே காலம் மாற்றி மாற்றி வாசிப்பார்கள். "ஸ்வரம் மாறவில்லை, கவனியுங்கள். நடை மட்டும் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்" என்றார் நண்பர். சுவாமி தூக்குகிறவர்களின் கால் எப்படியோ, அப்படி மேளம் போயிற்று. வீதி முனையில் திரும்பும்போது ஒரு தயக்கம். திரும்பிய பிறகு ஒரு நிமிர்வு. அதே ஸ்வரங்கள் வேறு சங்கீதமாக நடந்துபோயின. காலப்பிரமாணம் என்று நாம் சொல்வதுதான் அங்கே கண்டக்டரின் வேலை என்று அன்றைக்கு எனக்கு விளங்கிற்று.

அதற்குப் பிறகு நானும் மாமாவின் கோர்ட்டில் ஜூனியர் வக்கீல் ஆனேன். சிதம்பரத்திலிருந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூருக்கு ரயில் ஏறுவேன். கிள்ளை, பரங்கிப்பேட்டை, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று ஸ்டேஷன்கள் போகும். பையில் ஏதாவது ஓர் இசைத்தட்டு இருக்கும். பிறகு கேஸட், அதற்குப் பிறகு குறுந்தகடு. இப்படிப் பல வருஷங்களில் மாமாவிடம் ஐந்து சாட்சிகள் சேர்ந்தார்கள்: 1936இன் வால்டர், 1950இல் அதே வியன்னா கோஷ்டியை நடத்திய பூர்ட்வெங்லர், அதே 1950இல் நியூயார்க்கில் டாஸ்கனீனி, 1958இல் மறுபடியும் வால்டர், இம்முறை நியூயார்க் பில்ஹார்மோனிக்குடன், 1978இல் கார்லோஸ் கிளைபர், மறுபடி வியன்னாவில்.

ஐந்து பேரையும் மாமா ஓர் இடத்தில்தான் நிறுத்தி விசாரிப்பார். முதல் பகுதியில் அடிக்குரலில் செல்லோவும் டபிள் பாஸும் மெல்ல ஆரம்பிக்கும். அதன்மேல் வயலின்கள் சலசலக்க, ஓபோவும் கிளாரினெட்டும் சேர்ந்து ஒரு பாட்டு எடுக்கும். ஓபோ நம் நாகஸ்வரத்தைப் போலச் சீவாளி வைத்து ஊதும் வாத்தியம். பிறகு செல்லோக்கள் ஒரு பாட்டுப் பாடும்; யாரும் ஒரு தரம் கேட்டால் முணுமுணுக்கத் தொடங்கிவிடும் பாட்டு. அந்தப் பாட்டைப் பின்னர் வயலின்கள் வாங்கிக்கொண்டு போகும்போது, வாக்கியத்தின் நடுவில், திடீரென்று எல்லாம் நின்றுவிடும். மூன்று எண்ணும் நேரம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் மொத்தக் கோஷ்டியும் இடி மாதிரி இறங்கும்.

அந்த மூன்று எண்ணிக்கையை மாமா தொடையில் தாளம் போட்டு அளப்பார். "டாஸ்கனீனி கணக்கப்பிள்ளை. ஒரு தம்பிடி கூட வைக்க மாட்டார், குறைக்க மாட்டார். பூர்ட்வெங்லர் அந்த இடத்திலே நம்மை நடுக்காட்டிலே விட்டுட்டுப் போயிடறார். கிளைபருக்கு முன்கூட்டியே இடி தெரியும், அதனாலே அந்த மௌனமே கறுப்பா இருக்கு" என்பது அவருடைய தீர்ப்பு. வால்டரைப் பற்றி மட்டும் தீர்ப்புச் சொல்ல மாட்டார். "அவரு நம்ம வீட்டு ஆளு" என்று நிறுத்திக்கொள்வார்.

வால்டரை எண்ணும்போது எனக்கு வேறொன்று தோன்றும். 1936இல் அந்தப் பதிவு நடந்தபோது அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. இரண்டே வருஷத்தில், 1938 மார்ச்சில், நாஜிகள் ஆஸ்திரியாவை விழுங்கினார்கள். யூதரான வால்டர் வியன்னாவுக்குத் திரும்ப முடியாமல் கடைசியில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். 1881 முதல் ஐம்பத்தேழு வருஷம் அந்தக் கோஷ்டியின் வயலின்களுக்குத் தலைமை வகித்த ஆர்னால்ட் ரோஸே லண்டனுக்கு ஓட நேர்ந்தது; அவர் மகள் ஆல்மா 1944இல் ஆஷ்விட்ஸ் முகாமில் இறந்தாள். கோஷ்டியிலேயே சிலர் முகாம்களில் மாண்டார்கள். இவை ஒன்றும் தெரியாமல் அந்தப் பிளேட்டில் அவர்கள் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். 1958இல் அதே சிம்பனியை மறுபடி எடுத்தபோது வால்டருக்கு எண்பத்தொன்று.

மாமாவுக்கு எண்பத்தொன்று நடந்தது 2011இல். அந்த வருஷம் அவருக்குக் காது மந்தமாயிற்று. அத்தை காப்பி வேண்டுமா என்றால் கோபியா வந்திருக்கிறான் என்று கேட்பார். நவம்பரில் புதுச்சேரிக்கு அழைத்துப் போய்ச் சோதித்தோம். ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் கொடுத்தார்கள். இடப்பக்கம் ஓரளவு மேலே இருந்த கோடு வலப்பக்கம் போகப் போகப் படிக்கட்டு மாதிரி இறங்கியது. இடப்பக்கம் கனத்த ஒலிகள், வலப்பக்கம் கீச்சொலிகள். வயதானால் மேல் ஒலிகள்தான் முதலில் போகும், இன்னும் இறங்கக்கூடும் என்றார் டாக்டர்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது மாமா காகிதத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். பாகூர் தாண்டியதும், "செல்லோ இந்தப் பக்கம் இருக்கு. வயலின் பாதி போயிடுச்சு" என்றார். சற்றுப் பொறுத்து இன்னொன்று சொன்னார்: "காது முழுக்க அடைஞ்சு போச்சுன்னா, அதுக்கப்புறம் மனசுக்குள்ளே ஓடப்போறது ஒண்ணுதான். அஞ்சு பேரும் ஓட முடியாது. எது ஓடணும்னு இப்பவே முடிவு பண்ணிடணும், மாப்பிளே."

அறுபது வருஷ விளையாட்டு அந்த நிமிஷத்தில் விளையாட்டாக இல்லாமல் போய்விட்டது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டிசம்பர் 30ஆம் தேதி விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்சாரக் கம்பங்கள் வரிசையாகப் படுத்துக்கிடந்தன. மூன்று நாள் கழித்து நான் போய்ச் சேர்ந்தபோது மாமா வீட்டு ஓட்டில் கால்வாசி இல்லை. சாட்சிகளில் நாலு பேர் குறுந்தகட்டில் இருந்தார்கள். கரண்ட் இல்லாமல் அவர்கள் வாய் திறக்க முடியாது. அத்தை மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றினாள். மாமா பழைய கிராமபோனை இறக்கித் துடைத்துச் சாவி கொடுத்தார்.

முதல் பக்கம் சுழன்றது. எனக்கு முதலில் கேட்டது, வழக்கம்போல, இரைச்சல்தான். வறுக்கும் சட்டியில் ரவை போட்ட மாதிரி ஒரே இரைச்சல். அதற்குப் பின்னால் எங்கேயோ வியன்னா. "பிளேட் ரொம்பத் தேய்ஞ்சிருக்கே, மாமா. இரைச்சல் தாங்கலையே" என்று அவர் காதருகே கத்தினேன்.

மாமா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "என்ன இரைச்சல்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த இரைச்சலில் உறைப்பான பகுதியெல்லாம் மேல் ஒலி. காகிதத்தில் கோடு இறங்கிய வலப்பக்கம் அதன் இடம். வயலினின் மினுமினுப்பை எடுத்துக்கொண்ட வயசு, போகிற போக்கில் பிளேட்டின் இரைச்சலையும் வழித்துக்கொண்டு போயிருந்தது. 1936ஆம் வருஷத்துக் கருவிகளும் மேல் ஒலிகளை முழுசாகப் பிடித்தவை அல்ல. பிளேட்டுக்கு எட்டாதது மாமாவுக்கும் எட்டவில்லை. நான் அடுப்படிச் சத்தத்தின் நடுவே கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சுத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் நிற்கும் இடம் வந்தது. எனக்கு அங்கே மௌனம் இல்லை, இரைச்சல்தான் இருந்தது. மாமாவின் விரல் தொடையில் மூன்று தட்டிற்று. அவர் முகத்தைப் பார்த்தால் அங்கே மௌனம் இருந்தது தெரிந்தது.

கரண்ட் திரும்பி வந்ததும் ஐந்து பேரையும் மறுபடி விசாரித்தோம். இந்த முறை மாமாவின் விசாரணை வேறு விதமாக இருந்தது. முன்பெல்லாம் கிளைபரின் தட்டு எவ்வளவு துலக்கமாக இருக்கிறது, பழையது எவ்வளவு மங்கல் என்று எங்கள் பேச்சில் பாதி அதிலேயே போகும். இப்போது அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1936உம் 1978உம் அவருக்கு ஒரே துலக்கம், அல்லது ஒரே மங்கல். மிஞ்சியது நடை ஒன்றுதான்: எங்கே தயங்குகிறார்கள், எங்கே மூச்சு விடுகிறார்கள், அந்த மூன்று எண்ணிக்கையை எப்படிக் கடக்கிறார்கள். சாமான்களை அப்புறப்படுத்திய வீட்டில் சுவர்கள் தெரிவதுபோல் இருந்திருக்க வேண்டும். இரண்டு வால்டருக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த மாதத்தில்தான் அவர் சொன்னார்: "சின்னவரு நிறுத்தறாரு. பெரியவரு, தானா நின்னதும் காத்துக்கிட்டிருக்காரு." காது நன்றாக இருந்த எனக்கு அது பிடிபட இன்னும் பத்துத் தரம் கேட்க வேண்டியிருந்தது.

மகள் காதுக்கு ஒரு கருவி வாங்கிக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டால் அத்தையின் காப்பி காப்பியாகவே கேட்டது. சங்கீதம் மட்டும் தகரத்தில் ஆணி கீறுவது போல் வந்தது. பிளேட்டின் இரைச்சலும் கூடவே வந்தது. "பேச்சுக்கு இது, பாட்டுக்கு அது" என்று மாமா வகுத்துக்கொண்டார். திண்ணையில் சாய்வு நாற்காலியும் அதன் பக்கத்தில் கழற்றி வைத்த கருவியும் இருந்தால், யாரும் கூப்பிட வேண்டாம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

2015 மழைக்காலத்துக்குப் பிறகு எந்தத் தட்டும் உதவவில்லை. சாவி கொடுப்பதையும் நிறுத்திவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேச்சுக்குப் பதில் சிலேட்டில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தபோது, யாரைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டு எழுதினேன். மாமா சிலேட்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தேர்ந்தெடுக்கிறது நம்ம கையிலே இல்லே போலிருக்கு. ஓடுது. தினம் ஓடுது. யாரு நடத்தறாங்கன்னுதான் தெரியலே."

பிறகு கண்ணை மூடிக்கொண்டு எனக்குக் காட்டினார். விரல் தொடையில் செல்லோவின் நடையைத் தட்டியது. வயலின்கள் வாங்கிக்கொண்டு போகும் இடத்தில் லேசாக வேகம் பிடித்தது. நின்றது. நான் மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். விரல் இறங்கவில்லை. நாலு என்று எண்ணினேன். அப்புறம்தான் இறங்கியது.

அடுத்த வருஷம் மாமா காலமானார். மூன்று பிளேட்டுகளும் இப்போது சிதம்பரத்தில் என் வீட்டில் இருக்கின்றன. அந்த நாலாவது எண்ணிக்கையை ஐந்து பேரிடமும் தேடிப் பார்த்துவிட்டேன். டாஸ்கனீனியிடம் நிச்சயமாக இல்லை. பூர்ட்வெங்லரிடம் இருக்குமோ என்று சில இரவுகளில் தோன்றும். மறுநாள் கேட்டால் இல்லை.